கொய்யாப்பழத்தால் ஆறாத காயம்

என் ராசாவுக்கு,

என் கையால் தந்தால் இதை நீ வாங்க மாட்டாய் என்று தெரியும். அதனால்தான் உன் மனுசி வதனியிடம் கொடுத்து விடுகிறேன். நீ வாசிக்காவிட்டால், உனக்குப் பக்கத்தில் இருந்து தான் வாசிப்பதாக அவள் சொல்லியிருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பாதியாவது உன் காதில் விழும். நான் எடுக்கிற டெலிபோன் கோல் ஒன்றுக்கும் நீ பதில் சொல்வதில்லை. பஸ் ஏறி நிலாவெளிக்கு வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாய். மீசை நரைக்கத் தொடங்கிவிட்ட பிள்ளையைப் பிடித்து இருத்திவைத்துச் சொல்ல எனக்கு ஏலாது. ஆஸ்பத்திரி வார்ட்டில், எல்லாக் கட்டிலிலும் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "என்ர காலை வெட்டப்போறது டொக்டர் இல்லை, நீங்கள்தான்" என்று நீ சொன்னாய். அதோடு என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாய். ஆனால் நான் உன்னோடு கதைத்து முடிக்கவில்லை. நடந்ததை முதலில் இருந்து சொல்ல விடு. எனக்கும் இப்போது அதை ஒழுங்காக அடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

துறைமுகத்தில் அந்த விபத்து நடந்த பின்னேரம் நான் லிங்கநகர் வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றனான். மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. வதனி அழைத்து, "மாமி, இவருக்குக் காலில அடிபட்டிட்டுது" என்றாள். அவள் குரலை வைத்தே அது சின்ன அடி இல்லை என்று விளங்கிவிட்டது. கப்பலைத் துறைக்கு இழுத்துக் கட்டும்போது நீ வேலை செய்கிற இழுவைப் படகின் வடம் அறுந்து, சவுக்கு மாதிரிச் சுழன்று வந்து உன் முழங்காலுக்குக் கீழே அடித்தது என்று பிறகு சொன்னார்கள். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதாம். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன்னை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நீ போட்டிருந்த சப்பாத்தில் ஒன்று மட்டும் வாங்குப் பலகைக்குக் கீழே கிடந்தது. மற்றதை வெட்டித்தான் கழற்றினார்களாம். எலும்புக்குக் கம்பி வைத்துப் பூட்டிவிட்டு டொக்டர் வெளியே வந்து, கால் தப்பிவிட்டது என்று சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை மழையோடு மழையாகக் கோணேசர் கோயிலுக்கு ஏறிப்போய் அழுதுவிட்டு வந்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

உனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவில் இருந்து வந்த அந்த நானா இருந்தாரே, நினைவிருக்கிறதா? வயலில் டிராக்டர் புரண்டு அவருக்கும் இதே இடத்தில்தான் எலும்பு உடைந்தது. உன்னைவிட மிகவும் மூத்தவர். அவருடைய காயம் விளிம்பில் இருந்து சிவந்து, சுருங்கி, ஒருநாள் மூடிக்கொண்டது. அவருடைய பெண்சாதி எனக்கு ஒரு டப்பா தொதல் இனிப்பு தந்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். உன்னுடைய காயம் மட்டும் வெளிறிப்போய், ஈரமாக, வாய் திறந்தபடி கிடந்தது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால் எலும்பும் ஒட்டத் தொடங்கவில்லை. அன்றைக்குத்தான் டொக்டர் உன்னிடம் எத்தனை சிகரட் பிடிக்கிறாய் என்று கேட்டார். நீ அஞ்சாறு என்றாய். வதனி தலையைக் குனிந்துகொண்டாள்.

டொக்டர் ஏசவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து ஆறுதலாக விளங்கப்படுத்தினார். காயத்தில் புதுச் சதை பிடிக்க வேண்டுமென்றால் உடம்பு நார் மாதிரி ஒரு புரதத்தை நெய்ய வேண்டும், அதை நெய்வதற்கு விற்றமின் சி வேண்டும் என்றார். புகைக்கிற ஆளின் உடம்புக்குள் ஒவ்வொரு இழுப்போடும் நஞ்சு போகிறது. அந்த நஞ்சோடு மல்லுக்கட்டுவதிலேயே அந்த விற்றமின் கரைந்துவிடுகிறது. விற்றமின் ஈயும் அப்படித்தான் செலவழிகிறது, அதை மீட்டுக் கொடுக்க வேண்டியதும் சி தான். அதனால் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டாலும் புகைக்கிறவரின் இரத்தத்தில் அது குறைவாகத்தான் இருக்கும், மற்றவர்களைவிட நாளாந்தம் அவருக்குக் கூடத் தேவை என்றார். கடைசியில், "எல்லாத்துக்கும் முதல் சிகரட்டை விடவேணும்" என்று சொன்னார். அவர் சொன்னதில் முன்பாதியைத்தான் நாங்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம். பின்பாதியை விட்டுவிட்டோம்.

ஏன் தெரியுமா, அது என்னுடைய பாடம். இந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு எத்தனையோ வருடம் மனையியல் படிப்பித்தவள் நான். ஒட்சியேற்ற எதிரிகள் என்று கரும்பலகையில் எழுதி, கொய்யா, நெல்லி, தேசிக்காய், தோடம்பழம், முருங்கை இலை என்று அம்புக்குறி போட்டவள். அதைவிட இன்னொன்றும் இருந்தது. நீ நடக்கப் பழகிக் கொஞ்ச நாளில் நாங்கள் சண்டைக்குள் வீட்டைவிட்டு ஓடினோம். முகாமில் மாதக்கணக்காகச் சோறும் பருப்பும்தான். ஒருநாள் உனக்குப் பல் முரசில் இரத்தம் கசிந்தது. காலைத் தொட்டாலே கத்தினாய், தூக்க விடமாட்டாய். முகாமுக்கு வந்த டொக்டர் உன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பிள்ளைக்குப் பழம் கொடுங்கள் என்றார். பழத்துக்கு நான் எங்கே போவேன்? அப்பா காட்டுக்கரைக்குப் போய் மடி நிறைய நெல்லிக்காய் பிடுங்கிக்கொண்டு வந்தார். அதை இடித்துப் பிழிந்து கரண்டியால் உன் வாயில் விட்டேன். புளிப்புக்கு முகத்தைச் சுழித்துச் சுழித்துக் குடித்தாய். கொஞ்ச நாளில் இரத்தம் நின்றது. என் தோளைப் பிடித்து எழும்பி நின்றாய். ஒரு தரம் உன் காலை நான் பழத்தைக் கொடுத்து எழுப்பினவள், ராசா. இன்னொரு தரமும் ஏலும் என்று நான் நம்பினதில் என்ன அதிசயம் இருக்கிறது? அந்தக் குழந்தையின் நெஞ்சுக்குள் புகை இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். விடிந்தால் சந்தைக்கு ஓடுவேன். கொய்யாவை வெட்டி உப்புத் தூவித் தருவேன், தேசிக்காய் கரைப்பேன், வல்லாரைச் சம்பல் அரைப்பேன், பப்பாப்பழம் கொண்டுவருவேன். நீ ஒன்றையும் மிச்சம் விடாமல் சாப்பிடுவாய். சாப்பிட்டு முடித்ததும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வாறன் என்று வார்ட்டுக்குப் பின்னாலுள்ள மதில் பக்கம் போவாய். திரும்பி வரும்போது உன் சேர்ட்டில் மணக்கும். ஒருநாள் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டு, "அதுதானே நீங்கள் பழம் தாறியள், அம்மா. கூடப் போறது கூட வருகுதுதானே" என்றாய். எனக்கும் அது சரி மாதிரித்தான் பட்டது. புகைக்கிறவருக்குக் கூடத் தேவைப்படுகிற விற்றமின் அப்படியொன்றும் பெரிய அளவில்லை. ஒரு கொய்யாப்பழத்தில் ஒரு துண்டு போதும். அவ்வளவு லேசாக ஈடுகட்டலாம் என்றிருந்ததுதான் எங்களை ஏமாற்றியது. பெரிதாக ஒன்றைக் கேட்டிருந்தால் பயந்திருப்போம்.

பிறகு கனடாவில் இருக்கிற உன் கூட்டாளி அந்த மாத்திரைப் போத்தலை அனுப்பினான். செம்மஞ்சள் நிறக் குளிசை. புகைக்கிற ஆட்களுக்கு நல்லதாம், அங்கே எல்லாரும் போடுகிறார்களாம் என்று நீ வதனிக்குச் சொன்னாய். நீ வீட்டுக்கு வந்த பிறகு அது அலுமாரியில், சிகரட் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு கையால் இது, மறு கையால் அது. கிளினிக்குக்குப் போன அன்று நான்தான் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து டொக்டரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுத்தைக் கிட்டப் பிடித்து வாசித்தார். அது பீற்றா கரோட்டின், கரட்டில் இருக்கிற அதே சத்துத்தான், ஆனால் கரட்டில் சாப்பிடுவது வேறு, இப்படிச் செறிவாகக் குளிசையில் போடுவது வேறு என்றார். புகைக்கிறவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடத்தான் செய்தது என்று கண்டிருக்கிறார்களாம். "இதை யாருக்கும் கொடுங்கோ, புகைக்கிற ஆளுக்கு மட்டும் வேண்டாம்" என்று சொல்லிப் போத்தலைத் தன் மேசைக்குள் போட்டுக்கொண்டார். காவல் என்று நாங்கள் வைத்திருந்தது கதவைத் திறந்துவிடுகிற கள்ளன்.

அன்றைக்கே மற்றதையும் சொன்னார். எலும்புக்குள் கிருமி போகத் தொடங்கியிருக்கிறது. தொடையில் இருந்து தோலும் சதையும் எடுத்துக் காயத்தின் மேல் வைத்து, உடைந்த எலும்புக்கும் வேறு எலும்புத் துண்டு வைத்துப் பார்க்கலாம். அந்தச் சதை பிழைக்க வேண்டுமென்றால் அதற்கு இரத்தம் ஓட வேண்டும். சிகரட் அந்த மெல்லிய இரத்தக் குழாய்களை இறுக்கிவிடும், இரத்தத்தில் இருக்கிற ஒட்சிசனையும் புகை பிடித்துக்கொள்ளும். பழம் எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து இரத்தத்தோடுதானே காயத்துக்குப் போகவேணும், பாதை இறுகிப்போனால் எதை அனுப்பி என்ன என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஒப்பரேஷனுக்கு முதல் கிழமைக்கணக்காக ஒரு சிகரட்டும் இல்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வைத்த சதை கறுத்துச் செத்துப்போகும், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். நீ என் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினாய்.

அந்தச் சத்தியம் எவ்வளவு நாள் நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பின்னேரம் உங்கள் வீட்டில், காய்ந்த உடுப்பு எடுக்கக் கொல்லைப்பக்கம் வந்தபோது, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நீ சுவரில் சாய்ந்து நின்றதைக் கண்டேன். என்னைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாய். நான் கெஞ்சினேன். நீ ஒண்டு ரெண்டுதான், நோவு தாங்காமல்தான் என்றாய். பிறகு கோபம் வந்து, விசர்க் கதை கதைக்காதேங்கோ என்று கத்தினாய். அடுத்த கிளினிக்கில் டொக்டர் கேட்டபோது, "விட்டிட்டன் சேர்" என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னாய். நான் பக்கத்தில் இருந்தேன். என் வாய் திறக்கவில்லை. அவர் உன் தோளில் தட்டி, ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தார். வரும் வழியில் ஓட்டோவுக்குள் நீயும் வதனியும் சந்தோஷமாகக் கதைத்துக்கொண்டு வந்தீர்கள்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் உன்னை வார்ட்டில் சேர்த்தோம். மயக்கமருந்து கொடுக்கிற டொக்டர் வந்து அதே கேள்வியைக் கேட்டார், நீ அதே பதிலைச் சொன்னாய். தாதி உன் தொடையில் மையால் கோடு போட்டாள். நல்ல சதையை எங்கே வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்று காட்டுகிற கோடு. அந்தத் தொடையையும் கிழித்து, எடுத்ததையும் சாகவிட்டு, பிறகு காலையும் எடுப்பார்கள். அதை மட்டும்தான் நினைத்தேன். வெளியே வந்து, விறாந்தையில் நடந்துபோய்க்கொண்டிருந்த பெரிய டொக்டருக்குப் பின்னால் ஓடினேன். "சேர், அவன் விடேல்லை" என்றேன். அவர் நின்றார். எப்போது கடைசியாக என்று கேட்டார். இன்றைக்குக் காலையும் மணந்தது என்று சொன்னேன். பிறகு உன்னிடம் வந்து, ஒப்பரேஷனைத் தள்ளிவைக்கிறேன் என்றார். யார் சொன்னது என்று நீ கேட்கவில்லை. நேரே என்னைத்தான் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னாய்.

நீ என்னைச் சொன்னதற்கு நான் கோபிக்கவில்லை. ஆனால் நான் செய்தது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். திரும்ப அந்த விறாந்தையில் கொண்டுபோய் விட்டாலும் நான் அவருக்குப் பின்னால் ஓடத்தான் செய்வேன். என்னை வாழ்நாள் முழுக்க வெறுத்துக்கொண்டு இரண்டு காலில் நட. எனக்கு அது போதும்.

இப்போது வதனி உனக்கு ஒளித்து எனக்குக் கோல் எடுக்கிறாள். காயம் மணக்கிறதாம். பின்னேரத்தில் காய்ச்சல் வருகிறதாம். நீ கடலைப் பார்க்கப் போட்ட கதிரையில் இருந்து ஒன்றை அணைக்க முதல் மற்றதைப் பற்றவைக்கிறாயாம். இதைக் கேட்டுவிட்டு நான் எப்படிச் சோறு தின்பது? நேற்றும் வந்தனான். நீ வழக்கம்போலக் கதவைச் சாத்தினாய். நான் போகாமல் கதவுக்கு வெளியே சீமெந்து நிலத்தில் இருந்துகொண்டு, டொக்டர் சொன்னதெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னேன். விற்றமின் என்றேன், இரத்தக் குழாய் என்றேன், உன் மனுசியை நினை என்றேன். நான் நிறுத்தின பிறகுதான் உன் குரல் கேட்டது. கதவுக்கு நேரே மற்றப் பக்கத்தில், நீயும் நிலத்தில்தான் இருந்திருக்கிறாய்.

"அம்மா, விட ஏலாமக் கிடக்கு."

அவ்வளவுதான் சொன்னாய். பிறகு நீ அழுதது கேட்டது. அப்பா செத்த அன்றைக்குக்கூட நீ அப்படி அழுது நான் கேட்கவில்லை. நான் கதவில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். இவ்வளவு காலமும் நீ விடமாட்டேன் என்று நிற்கிறாய் என்றுதான் நான் நினைத்தேன். பிடிவாதம், அலட்சியம், என் சொல்லுக்கு மதிப்பில்லை என்று மனதுக்குள் உன்னை ஏசிக்கொண்டிருந்தேன். நீ எத்தனை தரம் நசுக்கிப்போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. இந்த வீட்டில் நாங்கள் எல்லாரும் கதைத்தது பழத்தைப் பற்றியும் குளிசையைப் பற்றியும்தான். உனக்குப் பயமாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்று காலையில் டொக்டரைப் போய்ப் பார்த்தேன். நீ சொன்னதை, நீ சொன்ன மாதிரியே சொன்னேன். அவருக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, மூளை அதற்குப் பழகிப்போய்விட்டது, அதைப் படிப்படியாக விடுவிப்பதற்கு மருந்து இருக்கிறது, கூட இருந்து கதைத்து உதவி செய்கிற ஆட்களும் இருக்கிறார்கள் என்றார். வார்ட்டில் வைத்துப் பார்க்கலாமாம். முதலில் அந்தக் காய்ச்சலைப் பார்க்க வேண்டும், அதைத் தள்ளிப்போட ஏலாது, கிருமி மேலே ஏறினால் பிறகு காலைப் பற்றிக்கூட யோசிக்க நேரமிருக்காது என்று அழுத்திச் சொன்னார். கால் கட்டாயம் தப்பும் என்று அவர் எனக்கு வாக்குத் தரவில்லை. கேட்டேன், தரவில்லை. இன்னும் வழி இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னார். வெட்ட வேண்டி வந்தாலும் புகை இல்லாத உடம்பில்தான் அந்தக் காயமும் ஆறும் என்றார். அதையும் உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். இந்த வீட்டில் இனி ஒளிக்க ஒன்றும் வேண்டாம்.

ஆகையால், ராசா, விடு விடு என்று இனி நான் உனக்குச் சொல்லமாட்டேன். கொய்யாப்பழமும் கொண்டுவரமாட்டேன், நீயாகக் கேட்டால் ஒழிய. எனக்குக் கதவுக்குள்ளால் சொன்னதை அந்த டொக்டருக்கு முகத்துக்கு நேரே சொல். விட்டிட்டன் என்று சொல்ல வேண்டாம். விடுகிறேன் என்றும் சொல்ல வேண்டாம். ஏலாமல் கிடக்கு, உதவி செய்யுங்கோ என்று சொல். அது பொய்யில்லாத வசனம். அதில் இருந்து ஏதாவது தொடங்கலாம்.

நாளைக்குக் காலையில் ஓட்டோ ஒன்றைக் கூட்டிக்கொண்டு நிலாவெளிக்கு வருவேன். நான் இறங்கமாட்டேன், கதவைத் தட்டமாட்டேன். நீ காலை நீட்டி இருக்க இடம் விட்டு, ஒரு மூலையில் ஒதுங்கி இருப்பேன். வழியில் புகைக்க வேண்டுமென்றால் ஓட்டோவை நிறுத்தச் சொல்லுவேன், நீ முடிக்குமட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னோடு கதைக்க வேண்டாம். என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். ஏறு, அப்பன். ஏறினால் போதும்.

அம்மா